சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகம்: "இடத்துக்கு ஏற்ற வடிவமைப்பு" என்பதை வேலை முறையாக எழுதுவது எப்படி?

முற்றம் (கேள்வி கேட்பவர்; கீழே வரும் மற்ற பெயர்கள் பதில் சொல்பவர்கள்)

மூன்று பேர் மட்டும் இருக்கும் அலுவலகம். வீடுகள், சிறிய பள்ளிக் கட்டிடங்கள், பழைய கட்டிடத்தோடு புதிய பகுதியைச் சேர்க்கும் வேலைகள் ஆகியவைதான் எடுக்கிறோம். அலுவலகத்தின் வடிவமைப்புக் கொள்கையை இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும். கிளையன்ட் படிக்க மட்டுமல்ல, புதிதாகச் சேர்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிய வேண்டும்.

எழுத ஆரம்பித்தால் "இயற்கையோடு இயைந்த", "மண்ணின் தன்மை மாறாத" போன்ற வரிகள்தான் வந்து விழுகின்றன. எந்த அலுவலகமும் இதை எழுதலாம், யாரும் மறுக்கப்போவதில்லை, வரைபடமும் இதனால் மாறாது. அதனால் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன்:

சைட்டில் எதையெல்லாம் அளந்து வர வேண்டும்? அளந்தது ப்ளானில் எங்கே தெரிய வேண்டும்? உள்ளூர்ப் பொருள் என்ற பிடிவாதம் எங்கே சறுக்குகிறது? பக்கத்துக் கட்டிடங்களோடு ஒத்துப்போவது எதுவரை, நகல் எங்கிருந்து தொடங்குகிறது?

நிழல்கோடு

ஒவ்வொரு கொள்கை வரிக்கும் ஒரே சோதனை போதும். அந்த வரியை அடித்துவிட்டால் வரைபடத்தில் எந்தக் கோடு நகரும்? "வெயிலை மதிக்கிறோம்" என்பதை அடித்தால் எதுவும் நகராது. "மேற்குச் சுவரில் ஜன்னல் வைத்தால் வெளிப்புறத் தடுப்பும் அதே வரைபடத்தில் இருக்கும், இல்லையென்றால் அந்தத் தாள் வெளியே போகாது" என்பதை அடித்தால் நாளைக்கே ஒரு வீட்டின் படுக்கையறை கொதிக்கும். இரண்டாவது வகை வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சைட்டில் முதலில் எடுக்க வேண்டியது லெவல், அதாவது தரையின் ஏற்ற இறக்கம். கையில் வரும் சர்வேயில் பெரும்பாலும் எல்லையும் நீள அகலமும்தான் இருக்கும். 3 மீட்டர் கட்டம் போட்டு ஆட்டோ லெவல் (மட்டம் அளக்கும் கருவி) வைத்து எடுத்து, 25 செ.மீ. இடைவெளியில் கான்டூர் (சம உயரக் கோடு) வரையுங்கள். எல்லையோடு நிறுத்தாதீர்கள். தெருவின் நடுமட்டம், வடிகாலின் அடிமட்டம், இரண்டு பக்கத்து வீடுகளின் பிளின்த் (தரைக்கு மேல் எழும் அடிப்பீடம்) மட்டம், பின்னால் இருக்கும் மனையின் தரைமட்டம் எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் "தெருவிலிருந்து 45 செ.மீ. உயரம்" என்று எழுதிவிட்டால், பின்மூலை 90 செ.மீ. தாழ்ந்திருப்பது கடைக்கால் தோண்டும்போதுதான் தெரியும். ஒப்பந்தக்காரர் மண் கொட்டி மட்டப்படுத்துவார். மழைநீர் பக்கத்து மனைக்குத் திரும்பும், இருக்கும் மரத்தின் வேர்கள் மூடப்படும், கொட்டிய மண் அமர்ந்து தளம் வெடிக்கும். மூன்றுக்கும் காரணம் எடுக்காமல் விட்ட லெவல்தான்.

சரிவான இடத்தை புல்டோசர் வைத்துத் தட்டையாக்குவது இடத்தின் அடையாளத்தையே அழிப்பது, அதைப் படிப்படியாகத் தளம் பிரிப்பது இடத்தோடு ஈடுபடுவது என்று கட்டிடக்கலை விமர்சகர் கென்னத் ஃபிராம்ப்டன் 1983-ல் வாதிட்டார். இதை எண்ணாக மாற்றிப் பாருங்கள். 1:10 சரிவில் 12 மீட்டர் நீளக் கட்டிடம் வைத்தால் இரு முனைகளுக்கும் 1.2 மீட்டர் வித்தியாசம். 60 செ.மீ. வீதம் இரண்டு இறக்கம், ஒவ்வொன்றுக்கும் 15 செ.மீ. உயரத்தில் நான்கு படி. வெட்டிய மண் பெரும்பாலும் அங்கேயே நிரவச் சரியாகிவிடும். ஆனால் 1:12 சாய்தளம் போட்டால் ஒரு இறக்கத்துக்கே 7.2 மீட்டர் நீளம் வேண்டும். அதனால் நுழைவு, ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கொள்கையில் எழுதுங்கள். சரிவை மதித்த வீட்டில் வயதானவர் சமையலறைக்குப் போக முடியவில்லை என்றால் அது நல்ல வீடு இல்லை.

மழைநீர்க் கணக்கு எளிது: 1 ச.மீ. பரப்பில் 1 மி.மீ. மழை 1 லிட்டர். 100 ச.மீ. கூரையில் 50 மி.மீ. கொட்டினால் 5,000 லிட்டர். அது எந்த மூலையில் இறங்கி எங்கே போகிறது என்பதை முதல் ஸ்கெட்சிலேயே அம்புக்குறியாகப் போடுங்கள்.

மரத்துக்கு, 1.4 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்கினால் காக்க வேண்டிய வட்டத்தின் ஆரம் வரும். 40 செ.மீ. தண்டு என்றால் 4.8 மீட்டர். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கும், அதனால் அந்த வட்டத்துக்குள் தோண்டுவதும், மண் கொட்டுவதும், ஜல்லி குவிப்பதும் வேண்டாம். வரைபடத்தில் மரத்தைக் காட்டிவிட்டு வேலியைக் காட்டாவிட்டால் லாரி அங்கேதான் நிற்கும். மரம் உடனே சாகாது, சில வருடம் கழித்துக் காயும். யாரும் காரணத்தைக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

வெயிலுக்கு மென்பொருள் இல்லாமலே முதல் கணக்குப் போடலாம். 90-லிருந்து, அட்சரேகைக்கும் சூரியச் சாய்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தால் நண்பகல் உயரக் கோணம். சாய்வு ஜூன் 21-ல் வடக்கே 23.4, டிசம்பர் 21-ல் தெற்கே 23.4. வடக்கு 12 பாகையில் டிசம்பர் நண்பகல் சூரியன் தெற்கே 54.6 பாகை உயரத்தில் இருக்கும். 1.5 மீட்டர் உயர ஜன்னல் முழுக்க நிழலில் இருக்க 1.5-ஐ அந்தக் கோணத்தின் டான்ஜென்ட்டால் வகுத்தால் 1.07 மீட்டர் சன்ஷேட். ஜூனில் சூரியன் வடக்கே 78.6 பாகையில் நிற்கும், வடக்குச் சுவருக்கு 30 செ.மீ. போதும். வடக்கு 50 பாகைக்குப் போனால் ஜூனில் தெற்குச் சுவருக்கு 75 செ.மீ., டிசம்பரில் சூரியன் 16.6 பாகை உயரம்தான், அங்கே அந்த வெயில் உள்ளே வரத்தான் வேண்டும். ஓரிடத்துச் சன்ஷேட் டீடெயிலை இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கிழக்கு, மேற்கில் சூரியன் 30 பாகையில் நேரே அடிக்கும்போது இதே ஜன்னலுக்கு 2.6 மீட்டர் வேண்டும். அங்கே சன்ஷேட் என்பதே தப்பான கருவி. செங்குத்துத் தடுப்பு, தாழ்வாரம், மரம், அல்லது ஜன்னலே இல்லாத சுவர்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக: விமான நிலையத் தரவு 10 மீட்டர் உயரத்தில் திறந்தவெளியில் அளந்தது. உங்கள் சைட்டுக்கு அது திசை சொல்லும், வேகம் சொல்லாது. ஒரே பக்கம் ஜன்னல் உள்ள அறையின் ஆழம் உயரத்தைப் போல் 2 மடங்குக்குள், எதிரெதிர் ஜன்னல் இருந்தால் 5 மடங்குக்குள் இருக்கட்டும்.

காரைச்சாந்து

பொருள் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

"உள்ளூர்ப் பொருள்" என்பதைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள். இந்தப் பொருள் உடைந்தால் ஒரு வாரத்துக்குள் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று எழுதுங்கள். சைட்டிலிருந்தே எடுத்த மண்ணில் செய்த கட்டியாக இருந்தாலும், கட்டியவர் போன பிறகு தொடத் தெரிந்த ஆள் இல்லையென்றால் அது வெளியூர்ப் பொருள்தான்.

அதிகம் நடக்கும் தவறு, தட்பவெப்பம் மாறியதைப் பார்க்காமல் தடித்த சுவரைக் கொண்டு வருவது. பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் உள்ள வறண்ட இடத்தில் கனமான சுவர் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் விடும், இரவுக் காற்று அதைக் குளிர்விக்கும். ஈரப்பதம் மிகுந்து இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே வெப்பம் என்றால் அந்தச் சுவர் குளிரவே குளிராது, தூங்கும் நேரத்தில் உள்ளே வெப்பத்தை விடும். அங்கே நிழலும் காற்றும்தான் வேலை செய்யும். இரண்டு இடத்திலும் "மண் சுவர் குளிர்ச்சி" என்றே சொல்கிறார்கள், அது பாதி உண்மை.

மண் கட்டி செய்வதாக இருந்தால் முதலில் பாட்டில் சோதனை. மேல்மண்ணை நீக்கி, கீழ்மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும், வண்டல் மெதுவாக, களி தெளிய ஒரு நாள் ஆகலாம். அடுக்குகளின் உயரம் விகிதத்தைச் சொல்லும். மணற்பாங்கான மண்ணுக்கு சிமென்ட், களிப்பாங்கானதற்குச் சுண்ணாம்பு. எடையில் 5 முதல் 8 சதவீதம் தொடக்கப் புள்ளி. விரியும் களிமண் என்றால் கட்டியை மறந்துவிட்டு அஸ்திவாரத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

எலிப்பொறிக் கட்டு என்ற செங்கல் சுவர் முறை, கேரளத்தில் கட்டிய ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரின் கட்டிடங்களால் பரவலாக அறியப்பட்டது. செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டு 23 செ.மீ. சுவர் எழுப்பினால் சுமார் கால்பங்கு செங்கல் மிச்சம். சறுக்கும் இடங்கள் மூன்று. செங்கல் அளவு ஒன்றுபோல் இல்லாவிட்டால் பூச்சு இல்லாத முகம் வளையும். கலவை இடைவெளிக்குள் விழுந்து நிரம்பினால் வெப்பத்தடுப்பு போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவர் எழுந்த பிறகு எலக்ட்ரிகல் பைப்புக்காக வெட்டினால் நின்ற செங்கல் அப்படியே உடையும். பைப் எங்கே ஏறுகிறது என்று முதல் வரிசைக்கு முன்பே வரைபடம் வேண்டும். பிளின்த், ஜன்னல் அடி, லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரம்) மட்டத்திலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் இடைவெளி இல்லாத கெட்டிக் கட்டு.

பழைய கட்டிடச் சேர்க்கை வேலைக்கு வருவோம், ஏனென்றால் "சூழல்" என்று பேசும் அலுவலகங்கள் அதிகம் சேதம் செய்யும் இடம் அதுதான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய மென்மையான செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி மேற்பரப்பு வழியாக வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூச்சு அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கும். ஓதம் இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல் முகத்தையே பொடியாக்கும். தட்டினால் பொள்ளல் சத்தம் வந்தால் ஏற்கெனவே நடந்துவிட்டது. அந்தப் பூச்சை எடுத்துச் சுவரை நன்கு உலரவிட்டு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போகாமல், அடுத்தடுத்த பூச்சுக்கு இடையே பல நாள் விட்டு, வெயிலில் காயாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டுச் செய்ய வேண்டும். கால அட்டவணையில் இதற்கு இடம் ஒதுக்காவிட்டால் கடைசி மாதத்தில் யாராவது சிமென்ட் மூட்டையைப் பிரித்துவிடுவார்கள்.

புதியதும் பழையதும் சந்திக்கும் இடத்தில் கம்பியால் இறுகக் கட்டாதீர்கள். பழைய அஸ்திவாரம் அமர்ந்து முடிந்தது, புதியது இனிமேல்தான் அமரும். 25 மி.மீ. இடைவெளி விட்டு, ஒரு பக்கம் மட்டும் பிடித்த மூடுபட்டை போடுங்கள். பழைய கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே அதை ஒட்டித் தோண்ட வேண்டி வந்தால் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லாமல் கை வைக்கக் கூடாது. ஒரு மீட்டர் அளவில் துண்டு துண்டாக, அடுத்தடுத்த துண்டை ஒரே நேரத்தில் திறக்காமல்தான் வேலை நடக்க வேண்டும்.

பழைய ஓடு, செங்கல் மறுபயன்பாடு: சீனாவின் நிங்போ வரலாற்று அருங்காட்சியகத்தில் (2008) ஆர்க்கிடெக்ட் வாங் ஷு, இடிக்கப்பட்ட ஊர்களின் செங்கலையும் ஓட்டையும் சுவர் முகமாகக் கட்டினார். அங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கல்லும் எங்கே என்று வரையப்படவில்லை. கொத்தனாரின் கைக்கு இடம் விட்டே வடிவமைப்பு நின்றது. பழைய பொருளைத் துல்லியமான ஒரே அளவுக் கட்டத்துக்குள் திணித்தால் வெட்டிக் கழிப்பதே பாதியாகிவிடும். பழைய கதவுகள் வாங்குவதாக இருந்தால், வாங்கி அளந்த பிறகு சுவர்த் திறப்பை வரையுங்கள்.

தெருமுனை

நிழல்கோடு சொன்னதில் ஒன்றை மறுக்க வேண்டும். லெவலுக்கும் முன்னால் மனிதர்கள் நடக்கும் வழி. மனைக்குள் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை, மதில் நிழலில் உட்காரும் இடம், தண்ணீர்க் குழாய்க்குப் போகும் சந்து. ஆட்டோ லெவலில் இவை வராது. காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும், முடிந்தால் ஒரு மழை நாளும் அதே இடத்தில் நின்று ஒரே அடிப்படை வரைபடத்தில் குறியுங்கள்: யார் எங்கே நிற்கிறார்கள், சத்தம் எங்கிருந்து, எந்த ஜன்னலிலிருந்து நம் மனை தெரிகிறது. மதில் எழும்பியதும் மறைந்துபோகும் விஷயங்கள் இவைதான், பிறகு அளக்கவே முடியாது.

நகல் பற்றி. மனைக்கு இரண்டு பக்கமும் ஐந்தைந்து கட்டிடங்கள், எதிர்வரிசையும் சேர்த்து, 1:200 அளவில் ஒரே நீள எலிவேஷனாக (முகப்பு வரைபடமாக) வரையுங்கள். அதன் மேல் பிளின்த் கோடு, ஜன்னல் அடி, லிண்டல், கூரை விளிம்பு, முகப்பை எத்தனை மீட்டருக்கு ஒருமுறை பிரிக்கிறார்கள், சுவரில் திறப்பு எத்தனை சதவீதம், ஜன்னல் சுவர் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்று குறியுங்கள். எது எல்லாக் கட்டிடத்திலும் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் தெருவின் விதி. வளைவும் தூணும் பூவேலையும் பெரும்பாலும் தனித்தனி வீட்டின் விருப்பம். விதிகளில் மூன்றைக் காப்பாற்றினால் மீதியில் முழுச் சுதந்திரம் எடுக்கலாம். கட்டிடம் தெருவில் சரியாக உட்காரும்.

நகல் தோற்பதற்கு உறுதியான காரணம் ஒன்று உண்டு: ஆழம். 45 செ.மீ. சுவரில் ஜன்னல் 30 செ.மீ. உள்ளே இருக்கும், அந்த நிழல்தான் முகப்புக்கு உயிர். 20 செ.மீ. சுவரில் அதே வளைவை வரைந்தால் 5 செ.மீ. நிழல்தான் விழும், காகிதத்தில் ஒட்டியதுபோல் தெரியும். வளைவை விடுங்கள், ஆழத்தைக் கொண்டுவாருங்கள். சுவரின் உள்முகத்தோடு ஜன்னலை வைத்து வெளியே அலமாரித் தடிப்போ உட்காரும் திண்டோ சேர்த்தால் 30 செ.மீ. கிடைத்துவிடும்.

சரிபார்க்க, அட்டை மாடல். 1:200-ல் 50 செ.மீ. பலகை 100 மீட்டர் இடத்தைக் காட்டும், சுற்றுக் கட்டிடங்கள் எல்லாம் அதில் அடங்கும். புகைப்படத்தில் பொருத்திப் பார்ப்பதானால் கண் உயரம் 1.6 மீட்டரில் எடுத்த படம் மட்டும். அகலக்கோண லென்ஸ் எந்தக் கட்டிடத்தையும் அடக்கமாகக் காட்டும்.

இன்னொன்று: சுற்றி இருப்பது எல்லாம் தொடரத் தகுந்தது அல்ல. தெரு முழுக்க 3 மீட்டர் மூடிய மதில் என்றால் நீங்களும் அதையே எழுப்புவது மரியாதை ஆகாது. எதைத் தொடர மறுக்கிறோம் என்பதையும் காரணத்தோடு அந்த 1:200 தாளிலேயே எழுதுங்கள்.

முற்றம்

மூவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். இவ்வளவு ஆய்வுக்கு நேரமும் கட்டணமும் எங்கிருந்து? ஆய்வின் முடிவில் "இங்கே கட்டவே வேண்டாம்" என்று வந்தால் என்ன செய்வது?

மூலமட்டம்

கட்டணத்தை வடிவமைப்புக்குள் ஒளிக்காதீர்கள். இட ஆய்வு தனி நிலை, தனிக் கட்டணம், தனி ஒப்படைப்பு. ஒரு வீட்டுக்கு லெவல் ஒரு நாள், மரம் வெயில் காற்று அரை நாள், தெரு எலிவேஷன் ஒரு நாள், நாலு வேளைக் கவனிப்பு ஒரு நாள், வரைந்து முடிக்க இரண்டு நாள். ஆறு நாளுக்குள் ஐந்து ஏ3 தாள். அந்தத் தாள்கள் கிளையன்ட்டுக்குச் சொந்தம், வேறு ஆர்க்கிடெக்டிடம் போனாலும் எடுத்துப் போகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கையில் கிடைக்கும் பொருளுக்குப் பணம் கொடுக்க யாரும் தயங்குவது குறைவு. அதோடு, கட்டணம் வாங்கிய ஆய்வு என்பதால் "கட்ட வேண்டாம்" என்றும் சொல்லலாம். கட்டினால்தான் வருமானம் என்ற நிலையில் அந்தப் பதில் வாயிலிருந்து வராது.

பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட்கள் லக்கட்டோன், வஸால் இருவரும் 1996-ல் பிரான்ஸின் போர்தோ நகரத்து லியோன் ஒகோக் சதுக்கத்தை அழகுபடுத்தக் கேட்கப்பட்டபோது, அங்கே நேரம் செலவிட்டு, இங்கு வசிப்பவர்களுக்குக் குறை எதுவும் இல்லை என்று முடிவு செய்தார்கள். சரளையை மாற்றுங்கள், மரங்களைப் பராமரியுங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள் என்பதே அவர்களின் திட்டம். எதுவும் கட்டச் சொல்லவில்லை, ஆனாலும் அது வேலை செய்யாத அலுவலகம் கொடுத்த அறிக்கை அல்ல. உங்களுக்கு வரும் சேர்க்கை வேலைகளில் பாதி, உள்ளே ஒரு சுவரை நகர்த்தினாலே தீரக்கூடும். அதை முதல் மாற்றாக எப்போதும் வரைவோம் என்று கொள்கையில் ஒரு வரி இருக்கட்டும்.

அளவு பற்றி: ஆர்க்கிடெக்ட் க்ளென் மர்கட் பெரும்பாலும் தனியாளாகவே வேலை செய்து, ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே கட்டி, 2002-ல் கட்டிடக்கலையின் உயரிய பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். தெரிந்த காற்றும் தெரிந்த மண்ணும் உள்ள வட்டத்தைத் தாண்டாதது அவர் வேலையின் ஆழத்துக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மூன்று பேர் அலுவலகம் ஒரே சமயத்தில் கட்டுமானத்தில் எத்தனை வேலை வைத்திருக்கும், எவ்வளவு தூரம் போகும் என்பதும் வடிவமைப்புக் கொள்கைதான். குறி போடும் நாள், கடைக்கால் அடி, பிளின்த், மாதிரிச் சுவர், லிண்டல், கூரைக் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் ஆகிய ஆறு கட்டத்துக்கும் ஒருவர் நேரில் போக முடியாத தூரம் என்றால் எடுக்காதீர்கள்.

மாதிரிச் சுவர் 1 மீட்டருக்கு 1 மீட்டர், ஒரு மூலையும் ஒரு ஜன்னல் ஓரமும் சேர்த்து, கட்டிடத்துக்கு வெளியே கட்டி, வேலை முடியும்வரை இடிக்காமல் வையுங்கள். சண்டை வரும்போது காட்ட அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

வரைபடக் குறிப்புகளில் "ஏன்" எழுதும் பழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். "சுவர் இங்கே 60 செ.மீ. உள்ளே" என்று மட்டும் இருந்தால், இடம் வீணாகிறதே என்று சைட்டில் நேராக்கிவிடுவார்கள். "வேர் வட்டத்துக்காக 60 செ.மீ. உள்ளே" என்று இருந்தால் மேஸ்திரியே காவல் காப்பார், சில சமயம் உங்களைவிட நல்ல வழியும் சொல்வார். புர்கினா ஃபாசோவின் காண்டோ தொடக்கப் பள்ளியில் (2001) ஆர்க்கிடெக்ட் பிரான்சிஸ் கெரே மேல்கூரையைச் சாதாரணக் கம்பிகளை வெல்டிங் செய்த ட்ரஸ்ஸில் (கூரை தாங்கும் சட்டகத்தில்) தாங்கவைத்து, கீழ்க்கூரைக்கு மேல் காற்று ஓட இடம் விட்டார். பெரிய கிரேன் இல்லாத ஊரில் அங்குள்ளவர்களே செய்யக்கூடிய டீடெயில் அது. காரணம் புரிந்த டீடெயில்தான் சைட்டில் பிழைக்கும்.

கட்டி முடித்து ஒரு முழு வருடம் ஆனதும் திரும்பப் போக வேண்டும், இதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். மூன்று அறையில் வெப்பப் பதிவி, 15 நிமிட இடைவெளி, ஒரு வாரம். எந்த ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கிறது, எங்கே திரை போட்டிருக்கிறார்கள், சுவரில் எந்த உயரம்வரை ஓதம் என்று குறியுங்கள். தப்பான கொள்கை வரிகள் அங்கேதான் தெரியும், அதன்படி அந்த இரண்டு பக்கத்தையும் திருத்துங்கள்.

நிழல்கோடு

தெருமுனை சொன்னது சரி, நடைபாதைகளை முதலில் வைக்கலாம். விட்டுப்போன ஒன்று: வடக்கு. இரும்புக் கம்பி, கார் பக்கத்தில் மொபைல் காம்பஸ் பல பாகை விலகும், அது காட்டுவதும் பெரும்பாலும் காந்த வடக்கு. சமதரையில் தூக்குக்குண்டு பார்த்து ஒரு கம்பை நிறுத்தி, முற்பகலில் நிழல் நுனியைக் குறித்து, அந்த ஆரத்தில் கம்பைச் சுற்றி வட்டம் போடுங்கள். பிற்பகலில் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டு குறிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதன் நடுப்புள்ளியையும் கம்பையும் இணைத்தால் உண்மையான வடக்கு தெற்கு. மேலே சொன்ன சன்ஷேட் கணக்கு எல்லாம் இந்தக் கோடு சரியாக இருந்தால்தான் செல்லும்.